பழவேற்காடு ஏரியில் பாசிகளும் நச்சு உலோகங்களும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் எல்லையில், வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ள உவர்நீர் ஏரி ஆகும். இதன் நீரிலும் சேற்றிலும் காட்மியம், ஈயம், குரோமியம், பாதரசம் முதலிய நச்சு உலோகங்கள் சேர்கின்றன. அவற்றில் எவ்வளவு பகுதி உயிரினங்களின் உடலுக்குள் செல்கின்றது என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் பாசிகள் முதன்மையானவை. நீரில் உள்ள உலோகத்தின் மொத்த அளவு வேறு. உயிரினங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு வேறு. இவ்விரண்டாவது அளவைக் குறிக்கும் பண்பு உயிரியல் கிடைப்புத்தன்மை எனப்படுகின்றது. பாசிகள் கரைந்த உலோகத்தைப் பற்றிக்கொண்டு நீரில் அதன் அளவைக் குறைக்கின்றன. அதே செயலால் அவ்வுலோகத்தை உணவுச் சங்கிலியின் முதற்படியிலும் ஏற்றிவிடுகின்றன. ஏரியின் மீன், இறால், நண்டு ஆகியவற்றைப் பிடித்தும் உண்டும் வாழும் மீனவ ஊர்களுக்கு இவ்விரு விளைவுகளும் முக்கியமானவை.

ஏரியும் மீனவ ஊர்களும்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஸ்ரீஹரிக்கோட்டா தீவு இதனைக் கடலிலிருந்து பிரிக்கின்றது. ஏரியின் பரப்பு பருவத்திற்கும் ஓதத்திற்கும் ஏற்ப ஏறத்தாழ 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை மாறுபடும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. பழவேற்காடு ஊருக்கு அருகில் உள்ள முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து போகின்றது. கோடையில் மணல்திட்டு வளர்ந்து இம்முகத்துவாரம் அடைபடுவது உண்டு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் 'பாடு' எனப்படுகின்றது. இருளர் சமூகத்தினர் ஆழமற்ற சேற்றுப்பகுதியில் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மடவை, கொடுவா, பால்மீன், இறால் வகைகள், கழி நண்டு ஆகியன இங்கு கிடைக்கும் முக்கிய உணவு உயிரினங்கள்.

இவற்றுள் மடவையும் பால்மீனும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. இவை சேற்றின் மேல் படரும் நுண்பாசிகளையும் மட்கும் கரிமத் துகள்களையும் உண்பவை. எனவே பாசியிலிருந்து மனிதனை அடைய இங்கு ஒரே ஒரு படிதான் இடையில் உள்ளது.

உலோகங்கள் வரும் வழிகள்

ஏரிக்குள் உலோகங்கள் பல வழிகளில் வருகின்றன.

* ஆறுகள்: ஆரணியாறும் காளங்கியும் வயல்களின் உர எச்சங்களையும் ஊர்களின் கழிவுநீரையும் வண்டலையும் கொண்டுவருகின்றன. பாசிகளின் வளர்ச்சிக்குத் தேவையான பாசுபரசும் நைட்ரசனும் இவ்வழியே வருகின்றன.
* தெற்குப் பகுதி: பக்கிங்காம் கால்வாய் ஏரியை எண்ணூர்க் கழிமுகத்துடன் இணைக்கின்றது. மணலி, எண்ணூர் பகுதிகளில் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் உள்ளன. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகின்றது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியன சிறு அளவில் காணப்படும்.
* காற்று: எரிபொருள் புகையுடன் மேலெழும் துகள்கள் நீர்ப்பரப்பில் படிகின்றன.
* மீன்பிடித்தொழில்: படகுப் பூச்சுகளில் உள்ள செப்பும், வலைகளில் கட்டப்படும் ஈயக் குண்டுகளும் சிறு மூலங்கள் ஆகும்.

உயிரியல் கிடைப்புத்தன்மை

நீரில் ஓர் உலோகம் ஒரே வடிவில் இருப்பதில்லை. ஒரு பகுதி தனி அயனியாகக் கரைந்திருக்கும். ஒரு பகுதி குளோரைடு, கார்பனேட்டு முதலியவற்றுடன் இணைந்து அணைவுச் சேர்மமாக இருக்கும். ஒரு பகுதி மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப்பொருளுடன் பிணைந்திருக்கும். எஞ்சியது களிமண் துகளில் ஒட்டியோ, சேற்றில் சல்பைடாகப் படிந்தோ காணப்படும்.

இவற்றுள் செல்சவ்வில் உள்ள கடத்திப் புரதங்களால் எளிதில் பற்றப்படுவது பெரும்பாலும் தனி அயனியே. 1976 ஆம் ஆண்டில் வில்லியம் சண்டா, ராபர்ட் கில்லார்டு ஆகியோர் கடற்பாசிகளில் செய்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. பாசிகளுக்குச் செப்பினால் விளையும் தீங்கு, நீரில் உள்ள மொத்தச் செப்பின் அளவைப் பொறுத்து அமையவில்லை. தனிச் செப்பு அயனியின் அளவையே பொறுத்து அமைந்தது. இக்கருத்தின் வளர்ச்சியாக உருவான 'உயிரி ஈந்தணைவி மாதிரி'யை ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007 இல் நன்னீரில் செப்பின் வரம்பைக் கணக்கிடப் பயன்படுத்தியது.

பொதுவான நீர்த்தரக் கட்டுப்பாடுகள் மொத்த அளவையே கொண்டு அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரம் (2012) ஒரு லிட்டர் நீரில் ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம் என வரம்பு விதிக்கின்றது. குடிக்கும் நீருக்கு இம்முறை பொருந்தும். ஆனால் பழவேற்காட்டு ஏரியின் நீரை எவரும் குடிப்பதில்லை. அதில் வளரும் உயிர்களையே உண்கின்றனர். ஆகவே நீரிலிருந்து உயிருக்கு உலோகம் செல்லும் வழியை அறிவது இங்கு இன்றியமையாதது.

பாசிகளின் பங்கு

பரப்பில் பற்றுதல்

பாசியின் செல்சுவரில் கார்பாக்சில், பாசுபேட்டு, அமினோ, சல்பைட்ரில் ஆகிய வேதித்தொகுதிகள் உள்ளன. எதிர்மின்னூட்டம் கொண்ட தொகுதிகள் நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகளை ஈர்த்துப் பிடிக்கின்றன. இச்செயல் சில நிமிடங்களிலேயே நிகழக்கூடியது. இதற்குப் பாசி உயிருடன் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இதனாலேயே குளோரெல்லா, ஸ்பைரோகைரா போன்ற நன்னீர்ப் பாசிகளை உலர்த்திக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஆய்வுகள் நடந்துள்ளன. பரப்பில் ஒட்டிய உலோகம், நீரின் அமிலத்தன்மை கூடினால் மீண்டும் கழன்றுவிடும்.

உள்ளே எடுத்தல்

பரப்பில் ஒட்டியவற்றுள் ஒரு பகுதி செல்சவ்வைக் கடந்து மெதுவாக உள்ளே செல்கின்றது. இது மணிக்கணக்கில் நிகழும். துத்தநாகம், செப்பு போன்ற தேவையான உலோகங்களுக்காக அமைந்த வழிகளில் காட்மியம் போன்ற தேவையற்றவையும் நுழைந்துவிடுகின்றன. உள்ளே நுழைந்த உலோகத்தைப் பாசிகள் குளுட்டாதயோனிலிருந்து உருவாகும் பைட்டோகெலட்டின் என்னும் சிறு புரதக்கூறுகளால் பிணைத்து அடக்குகின்றன. பாசிக்கு இது தற்காப்பு. ஆனால் அதனை உண்ணும் உயிருக்கு உலோகம் திரட்டி வைக்கப்பட்ட உணவாகின்றது.

சுரப்புப் பொருட்கள்

பாசிகள் சர்க்கரைத் தொடர்களையும் புரதங்களையும் நீரில் வெளிவிடுகின்றன. இவை உலோகங்களைப் பிணைத்துத் தனி அயனியின் அளவைக் குறைக்கின்றன. இச்சுரப்புகள் ஒன்றுதிரண்டு கொழகொழப்பான திரளாகித் தரையில் படியும்போது உலோகமும் உடன் இறங்குகின்றது. நீலப்பச்சைப் பாசிகளுள் சில, செப்பை வலுவாகப் பிணைக்கும் பொருட்களைச் சுரக்கின்றன.

நீரின் தன்மையை மாற்றுதல்

பகலில் ஒளிச்சேர்க்கையின்போது பாசிகள் கரியமில வாயுவை எடுப்பதால் நீரின் காரத்தன்மை கூடுகின்றது. அப்போது ஈயம் போன்றவை துகள்களில் மிகுதியாக ஒட்டுகின்றன. இரவில் பாசிகள் சுவாசிப்பதால் ஆக்சிசன் குறைந்து, காரத்தன்மையும் தணிகின்றது. ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரியில் இம்மாற்றம் சேற்றின் மேற்பரப்பு வரை எட்டக்கூடும். ஆகவே காலையில் எடுத்த நீர்மாதிரியும் பிற்பகலில் எடுத்த நீர்மாதிரியும் வேறுபட்ட அளவுகளைத் தரலாம்.

மடிந்த பின்

பாசிகள் மடிந்து மட்கும்போது, அவை பிடித்து வைத்திருந்த உலோகத்தின் ஒரு பகுதி நீருக்குத் திரும்புகின்றது. மற்றொரு பகுதி சேற்றில் சேர்கின்றது. ஆக்சிசன் அற்ற சேற்றில் உலோகங்கள் சல்பைடாகி ஓரளவு அடங்கிக் கிடக்கும். சேறு கலக்கப்பட்டு ஆக்சிசன் பட்டால் இச்சல்பைடுகள் சிதைந்து உலோகம் விடுபடும். முகத்துவாரத்திலோ கால்வாயிலோ தூர்வாரும் பணிகளின்போது இது கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்றாகும்.

உலோகங்களுக்கு இடையிலான வேறுபாடுகள்

பாசிகள் எல்லா உலோகங்களையும் ஒரே விதமாகக் கையாளுவதில்லை.

* காட்மியம்: தனி அயனியாகச் செல்லினுள் நுழைகின்றது. நீரில் கால்சியமும் துத்தநாகமும் மிகுந்தால் அவற்றுடன் போட்டியிட வேண்டியிருப்பதால் உட்செல்வது குறையும்.
* ஈயம்: துகள்களிலும் செல்சுவரிலும் வலுவாக ஒட்டும். உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல இதன் செறிவு பொதுவாகக் குறைகின்றது.
* குரோமியம்: ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட்டு, சல்பேட்டுக்கான வழியில் செல்லுக்குள் செல்லும். கடல்நீரில் சல்பேட்டு மிகுதியாக இருப்பதால் இவ்வழி நெருக்கடிக்கு உள்ளாகும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் பெரும்பாலும் பரப்பிலேயே தங்கும்.
* ஆர்சனிக்: ஆர்சனேட்டு வடிவில் பாசுபேட்டுக்கான வழியில் நுழையும். பாசுபரசு குறைந்த நீரில் பாசிகள் இதனை மிகுதியாக எடுக்கும். பல பாசிகள் இதனை நச்சுத்தன்மை குறைந்த கரிமச் சேர்மங்களாக மாற்றுகின்றன.
* பாதரசம்: ஆக்சிசன் அற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இதனை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் செறிவு பெருகுவது இச்சேர்மத்தின் தனிப்பண்பு. அச்சங்கிலியில் மிகப்பெரிய பாய்ச்சல் நீரிலிருந்து பாசிக்குச் செல்லும் முதற்படியிலேயே நிகழ்கின்றது.

உவர்ப்பும் பருவமும்

பழவேற்காடு ஏரியின் தனித்தன்மை அதன் உவர்ப்பு மாற்றமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) ஆற்றுநீர் பெருகி, ஆற்றுவாய்களை ஒட்டிய பகுதிகளில் ஏரிநீர் ஏறத்தாழ நன்னீராகின்றது. கோடையில் நீர் ஆவியாகி, ஆழம் குறைந்த பகுதிகளில் உவர்ப்பு கடல்நீரையும் மிஞ்சுகின்றது.

இம்மாற்றத்தால் உலோகத்தின் வடிவம் மாறுகின்றது. நன்னீரில் கரைந்துள்ள காட்மியத்தின் பெரும்பகுதி தனி அயனியாக இருக்கக்கூடும். கடல்நீரிலோ அது குளோரைடுடன் இணைந்துவிடுவதால் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே தனி அயனியாக இருக்கும். அதாவது மொத்த அளவு மாறாமல் இருந்தாலும், மழைக்காலத்தில் பாசிகள் எடுக்கக்கூடிய காட்மியம் மிகுதி. எனினும் இதற்கு எதிரான செயலும் நிகழ்கின்றது. ஆற்று வண்டலில் ஒட்டி வரும் காட்மியத்தை உவர்நீரில் உள்ள குளோரைடு கழற்றி நீரில் கரைக்கின்றது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடங்களில் கரைந்த காட்மியத்தின் மொத்த அளவு உயர்வது இதனால்தான்.

பாசி இனங்களும் பருவத்துடன் மாறுகின்றன. மழைக்காலத்தில் ஆறுகளுடன் நன்னீர்ப் பச்சைப் பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் ஏரிக்குள் வருகின்றன. உவர்ப்பு கூடும்போது இவற்றுள் பல இனங்கள் தாங்காமல் மடிந்து, தாம் சுமந்துவந்த உலோகத்தை ஏரியிலேயே விட்டுச் செல்கின்றன. உவர்ப்பைத் தாங்கும் டயாட்டம்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. ஆகவே ஆற்றின் மேற்பகுதியில் நன்னீர்ப் பாசி பற்றிய உலோகம், கழிமுகத்தில் வேறொரு உயிரின் உணவாகலாம்.

உணவுச் சங்கிலியில் பாசி

பாசியில் உள்ள உலோகம் முழுவதும் அதனை உண்ணும் உயிருக்குச் சென்றுவிடுவதில்லை. 1991 இல் ஜான் ரைன்ஃபெல்டர், நிக்கோலஸ் பிஷர் ஆகியோர் டயாட்டம்களை உண்ணும் கோப்பிபோடு என்னும் நுண்ணிய கணுக்காலிகளை ஆராய்ந்தனர். பாசியின் சைட்டோபிளாசத்தில் இருந்த தனிமங்களை அவை உடலில் ஏற்றன. சுவரிலும் சவ்விலும் ஒட்டியிருந்தவற்றைப் பெரும்பாலும் கழிவாக வெளியேற்றின. ராபர்ட் மேசன், ரைன்ஃபெல்டர், பிரான்சுவா மொரெல் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட ஆய்வு பாதரசத்திற்கும் இதுவே பொருந்துவதைக் காட்டியது. சாதாரணப் பாதரசம் டயாட்டம்களின் சவ்விலும், மீத்தைல் பாதரசம் சைட்டோபிளாசத்திலும் தங்கின. இதனால் பின்னதே மேற்படிகளுக்கு எளிதாகச் சென்றது.

பாசிகள் பெருகுவதால் ஓர் எதிர்பாராத விளைவும் உண்டு. 2002 இல் பால் பிக்கார்டு குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் பாசிகளை மிகுதியாக வளரச் செய்தனர். அதே அளவு மீத்தைல் பாதரசம் கூடுதலான பாசிச் செல்களுக்குப் பங்கிடப்பட்டதால், அவற்றை உண்ட டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளின் உடலில் அதன் அளவு இரண்டு முதல் மூன்று மடங்கு வரை குறைந்தது. இது 'பெருக்கத்தால் நீர்த்தல்' எனப்படுகின்றது. இதனைக் கொண்டு கழிவுநீரால் பாசி பெருகுவது நன்மை எனக் கொள்ளல் ஆகாது. மிகையான பாசி மடியும்போது ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறக்கலாம். ஆக்சிசன் அற்ற சேற்றில் மீத்தைல் பாதரசம் புதிதாக உருவாகவும் வாய்ப்பு கூடும்.

உணவுச் சங்கிலி வழியே நஞ்சு மனிதரை அடைந்ததற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு சப்பானின் மினமாட்டா ஆகும். விரிகுடாவில் விடப்பட்ட தொழிற்சாலைக் கழிவின் மீத்தைல் பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் திரண்டு, அவற்றை உண்ட மீனவக் குடும்பங்களைத் தாக்கியது. அந்நோய் 1956 இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. தமிழ்நாட்டில், 2001 இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைத் தொடர்ந்து கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் ஆகியவற்றில் பாதரசம் ஆராயப்பட்டது.

ஏரியில் நடந்த ஆய்வு

பழவேற்காடு ஏரியின் நீர், சேறு, உல்வா லாக்டூகா என்னும் பச்சைப் பாசி ஆகிய மூன்றிலும் காட்மியம், குரோமியம், ஈயம் ஆகியவற்றை அளந்த ஆய்வொன்று 2008 இல் கெமோஸ்பியர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. உல்வா, கடல் கீரை எனவும் அழைக்கப்படும். இதன் தாள் போன்ற உடல் இரண்டு செல் அடுக்குகளே தடிப்புடையது. வேர் இல்லாததால் இது தனக்கு வேண்டியவற்றை நீரிலிருந்தே நேரடியாக எடுக்கின்றது.

இப்பண்பினால் உல்வா ஒரு சுட்டுயிரியாகப் பயன்படுகின்றது. ஒரு குப்பி நீர், அது எடுக்கப்பட்ட வேளையின் நிலையை மட்டுமே காட்டும். உல்வாவோ பல நாட்கள், வாரங்களாக நீரில் கரைந்து கிடைத்த உலோகத்தைத் தொகுத்துக் காட்டும். துகளில் ஒட்டிய உலோகத்தை அது நன்கு காட்டாது. அதற்கு, நீரை வடிகட்டி நுண்பாசிகளை உண்ணும் சிப்பிகளைச் சேர்த்து ஆராய வேண்டும். நீர், சேறு, பாசி, சிப்பி, மீன் ஆகியவற்றை ஒரே காலத்தில் அளந்தால் மட்டுமே உலோகம் செல்லும் வழி முழுமையாகப் புலப்படும்.

மீனவ ஊர்களுக்கு இதன் பொருள்

மொத்த அளவை மட்டும் நோக்கினால் இரு வகைத் தவறுகள் நேரலாம். நீரில் உலோகம் குறைவாகத் தெரியும்போது, அது பாசிகளுக்குள் சென்றிருக்கக்கூடும். தூய்மை எனக் கருதப்படும் நீரில் வளர்ந்த மடவை உலோகத்தைச் சுமந்திருக்கலாம். மாறாக, சேற்றில் உலோகம் மிகுதியாகத் தெரியும்போது, அது சல்பைடாக அடங்கி, மீனை அடையாமல் இருக்கக்கூடும். முதல் தவறு உண்பவரின் உடல்நலத்தைப் பாதிக்கும். இரண்டாவது தவறு, மீனை ஆராயாமலேயே ஏரி மீன் நச்சு என்ற எண்ணத்தைப் பரப்பி மீனவரின் வருவாயைப் பாதிக்கும்.

உணவு முறையிலும் சில வேறுபாடுகள் உண்டு. காட்மியம் மீனின் தசையைவிட ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றிலும், நண்டின் செரிமானச் சுரப்பியிலும் மிகுதியாகத் தங்குகின்றது. மடவையின் குடலில் சேறும் பாசியும் நிறைந்திருக்கும். ஆகவே குடலையும் ஈரலையும் நீக்கிச் சமைப்பதால் காட்மியம், ஈயம் ஆகியவற்றின் அளவு குறையும். முழுதாக உலர்த்தி உண்ணப்படும் சிறுமீன்களில் இவ்வாறு நீக்க இயலாது. மீத்தைல் பாதரசம் தசையிலேயே பிணைந்திருப்பதால் சுத்தம் செய்வதால் நீங்காது. சமைப்பதால் எந்த உலோகமும் அழிவதில்லை. கருவுற்ற பெண்களின் கருவும், சிறு குழந்தைகளும் ஈயத்தினாலும் மீத்தைல் பாதரசத்தினாலும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்.

கண்காணிப்பு

உயிரியல் கிடைப்புத்தன்மையை அறியப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன.

* மழைக்காலம், கோடை ஆகிய இரு பருவங்களிலும், ஆற்றுவாய், முகத்துவாரம், கால்வாய் ஆகிய இடங்களில் தனித்தனியே மாதிரி எடுத்தல்.
* நீரை வடிகட்டி, கரைந்த பகுதியையும் துகள் பகுதியையும் பிரித்து அளத்தல். உடன் உவர்ப்பு, காரத்தன்மை, கரைந்த கரிமப்பொருள் ஆகியவற்றையும் பதிதல்.
* 1994 இல் வில்லியம் டேவிசன், ஹாவோ சாங் ஆகியோர் அறிமுகப்படுத்திய கூழ்மப்படலக் கருவியை நீரில் தொங்கவிட்டு, எளிதில் விடுபடும் உலோகத்தை மட்டும் அளத்தல்.
* உல்வா, சிப்பி, மடவை ஆகியவற்றைச் சுட்டுயிரிகளாகப் பயன்படுத்துதல்.

பாசியால் உலோகத்தை அழிக்க இயலாது. அதன் இடத்தையும் வடிவத்தையுமே மாற்ற இயலும். பாசியை அறுவடை செய்து ஏரிக்கு வெளியே எடுத்தால் அன்றி, அது பற்றிய உலோகம் ஏரியின் சுழற்சியிலேயே தங்கிவிடும். ஆகவே ஏரியில் உலோகத்தின் அளவைக் குறைப்பதற்கு, ஆற்றிலும் கால்வாயிலும் அது கலக்கும் இடத்திலேயே தடுப்பது முதன்மையான வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* பழவேற்காடு ஏரி
* பக்கிங்காம் கால்வாய்
* உணவுச் சங்கிலி
* மினமாட்டா நோய்
* மிதவைவாழி